கௌரவ விருந்தினர்

மாம்புரி,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுத பின்.

என் அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் நம் மகள் நஸ்லாவும் சுகம். தோஹா வெயிலில் நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் குறுக்கே விழுவீர்கள் என்பதால் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பிப் போகிற லத்தீபிடம் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தோடு சண்டை பிடிக்க முடியாதல்லவா?

மழைக்கு மிளகாய்ப் பாத்தி ஒரு பக்கம் அழுகிவிட்டது. நஸ்லா நன்றாகப் படிக்கிறாள், உங்களைப் போலவே வாயும் காட்டுகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முத்தலிபு காக்காவுக்கு நீங்கள் செய்யச் சொன்ன கௌரவிப்பு நடந்து முடிந்தது. அருமையாக நடந்தது என்று லத்தீப் சொல்வார். நம்பாதீர்கள்.

தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு வந்த நம் குடும்பங்களுக்குத் தன் தென்னந்தோட்டத்தில் இடம் விட்ட மனிதர். அவருக்கு மரியாதை செய்ய நினைத்தது பிழையில்லை. மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, நீங்கள் எழுதி அனுப்பிய வாசகம் பொறித்த கேடயமும் கொடுத்தார்கள். ‘நமது கௌரவ விருந்தினர் அவர்களே’ என்று ஒலிபெருக்கியில் மூச்சுக்கு மூச்சு சொன்னார்கள். ஒவ்வொரு தரமும் அவர் கதிரையில் நெளிந்ததைத் திரைக்கு இந்தப் பெண்கள் பக்கம் இருந்து நான் பார்த்தேன்.

பிறகு சாப்பாடு. எல்லாரும் வழக்கம்போலப் பாயில் இருந்து, ஆறு பேருக்கு ஒரு பெரிய சஹன் தட்டு என்று சோற்றைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காக்காவுக்கு மட்டும் மேடையிலேயே மேசை, வெள்ளை விரிப்பு, பீங்கான் சோற்றுக் கோப்பை, கரண்டி. கௌரவமாம்! நாம் வந்திறங்கிய அன்று, கூச்சப்பட்டுத் தள்ளி நின்ற உங்கள் வாப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் சஹனில் உட்கார வைத்தவர் அவர். அவருக்குத் தனிக் கோப்பை வைத்தோம்.

கீழே ஒரு சஹனில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். காக்கா அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்தார்களாம். வயிறு சரியில்லை என்று சொல்லி, பொன்னாடையை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

மறுநாள் அவர் மனைவி ஹவ்வா ராத்தாவைப் போய்ப் பார்த்தேன். ‘என்ட தோட்டத்துல என்னையே விருந்தாளி ஆக்கிட்டாங்க. பொன்னாடை போர்த்துறது பயணம் சொல்றவங்க செய்ற வேல. மன்னாருக்குப் போறதெண்டா வாயால சொல்லியிருக்கலாமே’ என்று காக்கா இரவு முழுக்கப் புலம்பினாராம். ஜும்ஆ முடிந்து நம் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்காமல் போகாத மனிதர், போன வெள்ளி வரவில்லை. ஊற்றி வைத்தது ஆறிப்போக, கொட்டினேன்.

மச்சான், நீங்கள் மன்னார் மீள்குடியேற்றத்துக்குப் பெயர் பதிந்ததை நானே லத்தீப் சொல்லித்தான் அறிந்தேன். எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. வாப்பாவின் காணி உங்களை இழுப்பது எனக்கு விளங்கும். ஆனால் நஸ்லா பிறந்தது இங்கே. என் உம்மாவை அடக்கிய கபுறும் இங்கேதான் இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இன்று காக்காவுக்காகக் காத்திருக்கவில்லை. சஹனில் சோறும் மீன் ஆணமும் போட்டு, நஸ்லாவையும் கூட்டிக்கொண்டு நானே அவர் வீட்டுக்குத் தூக்கிப் போனேன். சஹனை வாங்கிப் பாயில் வைத்தார். பிறகு ராத்தாவையும் நஸ்லாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நஸ்லா சஹனில் வாசல் பக்கம் இருந்த சோற்றுக்குக் கை நீட்டினாள். அவர் தடுத்து, ‘அது உன்ட வாப்பாட பக்கம், அப்படியே இருக்கட்டும்’ என்றார். அந்தப் பக்கத்துச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

அவர் விட்டுப்போன கேடயமும் பொன்னாடையும் நம் அலுமாரியில் இருக்கின்றன. யாரும் கேட்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு எடுத்து வாருங்கள். சாமான் சட்டு ஒன்றும் வேண்டாம். போவதானாலும் இருப்பதானாலும் காக்காவின் சஹனில் கை வைத்துக்கொண்டு சொல்லுங்கள், நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன். அல்லாஹ் உங்களைச் சுகத்தோடும் நல்ல பசியோடும் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்தைக் காத்துக்கொண்டிருக்கும்
ஃபஹ்மியா