போனில் வருகிறவன்

அன்புள்ள மூத்தவனுக்கு,

மூன்று வாரமாக உன் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரோ எனக்குப் போன் செய்கிறார்கள். குரல் உன்னுடையதுதான். ஆனால் நான் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறது. நீ எப்போதடா என்னைப் பேசி முடிக்கவிட்டாய்?

ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்கிறது. கான்வென்டில் முப்பது வருடம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவள் காது இது.

உன் மனைவியிடம் கேட்டேன். "அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு அத்தை, வேற ஒண்ணுமில்ல."

"தொண்டை கட்டினவன் குரல் இவ்வளவு தெளிவாவா இருக்கும்?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டாள். உன் அப்பாவும் கடைசிவரை ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்.

போன வருடம் உன் ஆராய்ச்சியைப் பற்றி நீயே விளக்கினாய். குரல்வளைக்குள் இரண்டு சதை மடிப்புகள் அதிர்வதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் குரலாக்குகிறோம், அளவெல்லாம் உன் தொண்டையிலேயே எடுத்தது என்றாய். யாருக்கும் இரண்டு மடிப்பும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது, அதனால்தான் குரல் பிசிறுகிறது, கணக்கு சுலபமாக வரட்டும் என்று நாங்கள்தான் இரண்டையும் ஒன்றுபோல் வைத்திருக்கிறோம் என்றும் சொன்னாய். பதின்மூன்று வயதிலிருந்து "அம்மா" என்னும்போது உன் குரல் லேசாகப் பிசிறும். போனில் வருகிறவனுக்குப் பிசிறுவதே இல்லை.

உன் தொண்டையில் டாக்டர் எதை எடுத்தார், எதை விட்டுவைத்தார் என்று எழுத வேண்டாம். ஞாயிறு காலை நீயே கூப்பிடு. கம்ப்யூட்டரை அணைத்துவிடு. ஆம் என்றால் போனில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு.

முதல் கேள்வியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வலிக்கிறதா?

பொய்யாகத் தட்டினால் எனக்குத் தெரியும்.

உன் அம்மா