திகதிக்கு விட்ட இடம்

1992 மாசி, வெள்ளி

என் தட்டச்சு வகுப்பே இந்த ஒற்றை இயந்திரத்தை நம்பித்தான். அதன் தகரக் கூடு துருவேறி நொறுங்கிப்போனதால், குருநகரில் கல்லறைச் சிலுவை வார்க்கும் அந்தோனி அண்ணை இன்று சீமெந்தில் ஒரு கூடு செய்து வந்து மாட்டினார். சீமெந்தே வராத இந்தப் பொருளாதாரத் தடைக் காலத்தில் அதற்கு எங்கே போனாரோ! ஒரு விசைகூடக் கூட்டில் இடிக்கவில்லை. அடிக்க அடிக்க நகரும் இயந்திரம் இப்போது அசையவே இல்லை. என்ன கை அந்த மனுசனுக்கு!

முன்பக்கம் வழுவழுப்பாக ஒரு சதுரம் விட்டிருந்தார்.

“உது என்னத்துக்கு அண்ணை?”

“உங்கடை பேர் வெட்டத்தான், ரீச்சர்.”

பெயரை வெட்டி முடித்தவர், “திகதி என்ன?” என்றார். கல்லறைகளுக்குக் கேட்டுப் பழகிய வாய். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அதுக்கு இடம் விடுங்கோ அண்ணை. எனக்கு அவசரமில்லை.”

சதுரத்தின் கீழ்ப்பாதி வெறுமையாக இருக்கிறது. இருக்கட்டும்.