மக்காச்சோளக் கொல்லையில் கரடி இல்லை

கச்சிராயபாளையம்,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள அண்ணனுக்கு,

துடைப்பம் வைக்கிற மூலையில் காலையில் புதுக் கட்டுக்கம்பிச் சுருள் ஒன்று இருந்தது, இப்போது பார்த்தால் இல்லை. அதைத்தான் முதலில் எழுதத் தோன்றியது. ஆனால் இது அம்மாவின் கடிதம். அவள் பக்கத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். "பிரவீனு, நாங்க எல்லாரும் சொகமா இருக்கறோம், நீ சொகமா இருக்கறியா, வேளைக்கு சாப்புடறியா" என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நாங்கள் சுகமாக இல்லை அண்ணா. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நடுநடுவே என் பேச்சையும் சேர்க்கிறேன். உன் நம்பர் மூன்று மாதமாக வேலை செய்யவில்லை. முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டு நீ மேடையில் பாடிய வீடியோவைப் பார்த்து அப்பா, "பொணம் மாதிரி பூசிக்கினு ஊளையிடறான், இனிமே இந்த வூட்டுக்குப் போன் பண்ணாத" என்று சொல்லியிருக்கக் கூடாது. நீ எனக்கு இயர்போன் அனுப்பிய கொரியர் கவரில் புனே முகவரி இருந்தது. அதை வைத்துத்தான் இதை அனுப்புகிறோம்.

அம்மா இப்போது சொல்வது: "நம்ம கொல்லையில கரடி எறங்கியிருக்குது. மலையிலேர்ந்து வந்துட்டுது. பிச்சைமுத்து மாமா அது உறுமறதக் கேட்டு ஓடி, வாய்க்கால்ல வுழுந்து, கணுக்கால்ல கட்டு போட்டுக்கினு இருக்கறாரு. கறுப்பா ஆள் ஒசரம் நின்னுதாம். நீ வர்றதா இருந்தா பகல் பஸ்ஸுல வா."

கரடி இல்லை அண்ணா. நான்தான். கறுப்பாக நின்றது என் போர்வை.

ஒன்பதாவதில் பாடம் வாசிக்கச் சொன்னபோது குரல் வராமல் நின்றேனே, எல்லாரும் சிரித்தார்களே, அதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். மயில் விரட்டக் கொல்லைக்கு அனுப்பியபோதும் அதேதான். "வாயத் தொறந்து கத்துடி, மயிலுகிட்டயுமா வெக்கம்" என்று அப்பா கேலி செய்தார். அதை உன்னிடம் சொன்ன பிறகுதான் நீ குரல் பதிவு அனுப்ப ஆரம்பித்தாய். உன் பிளாக் மெட்டல் பாட்டில் உறுமுகிறவர்கள் கத்துவதில்லை, தொண்டையை இறுக்கினால் ஒரே நாளில் கிழிந்துவிடும் என்றாய். தூங்கி எழுந்ததும் அடித்தொண்டையில் கரகரவென்று வருமே அதைப் பிடித்துக்கொள், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் தொண்டையைத் திறந்து வை, தண்ணீர்க் குடம் தூக்கும்போது வயிறு முக்குகிற இடத்திலிருந்து மூச்சைத் தள்ளு, வலித்தால் உடனே நிறுத்து என்றாய். பதினொரு பதிவும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இருபது நாள் காற்றும் இருமலும்தான் வந்தது. ஒரு விடியற்காலையில் சோளத் தட்டைகளுக்கு நடுவே நின்று தள்ளினேன், என்னுடையதே இல்லாத ஒரு குரல் வந்தது. மயில்கள் அத்தனையும் எழும்பிப் போயின. எனக்கு அழுகை வந்தது, பயத்தில் இல்லை. அதற்குப் பிறகு நம் கொல்லையில் ஒரு கதிர் சேதமில்லை. "எம் பொண்ணு காவலுக்குப் போனா மயிலு அண்டாது" என்று அப்பா டீக்கடையில் பெருமை பேசினார், எப்படி விரட்டுகிறேன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. திங்கட்கிழமை மாமா விழுந்தார். செவ்வாயிலிருந்து என்னை அனுப்பவில்லை, அதனால் உறுமலும் இல்லை. அது பதுங்கியிருக்கிறது என்கிறார் அப்பா.

நேற்று அப்பாவும் மாமாவும் பேசியதைக் கேட்டேன். கொல்லையைச் சுற்றிக் கம்பி கட்டி, இன்று பொழுது சாய்ந்ததும் மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் கொடுக்கப் போகிறார்கள். தெரிந்தால் கேஸ் ஆகிவிடும் என்று யாருக்கும் சொல்லவில்லை. கண்ணகி அத்தை தினமும் விடிவதற்கு முன்னால் பால் கேனோடு நம் வரப்பு வழியாகத்தான் சொசைட்டிக்குப் போகிறாள். கரடி என்று அம்மா தடுத்ததற்கு, "கரடிக்குப் பயந்துக்கினு எம் மாடு பால் கறக்காம இருக்குமா" என்று சிரித்துவிட்டுப் போனாள். கம்பியைப் பற்றி அத்தைக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. நான் நேற்று வாயைத் திறந்து அது கரடி இல்லை என்றேன். "நீ பாத்தியா?" என்று அப்பா திரும்பினார், அவ்வளவுதான், நான் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டேன். சொன்னால் போனை உடைப்பார், உன் குரலும் அதோடு போய்விடும், மாமாவின் காலுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். நீ அப்பாவுக்குப் போன் பண்ணு அண்ணா, அவர் திட்டினாலும் வைத்துவிடாதே, இன்றைக்கே பண்ணு. எழுதிய பிறகுதான் உறைக்கிறது, இது உன் கைக்கு வர ஐந்து நாள் ஆகும்.

"நான் சொன்னது நாலு வரி, நீ இன்னாடி ரெண்டு பக்கம் எழுதிக்கினு இருக்க" என்கிறாள் அம்மா. நான் காலையில் சாப்பிடவில்லை என்று ஒரு பிடி மல்லாட்டையை மடியில் போட்டாள். மிச்சத்தையும் எழுதச் சொல்கிறாள்: "கத்திக் கத்தித் தொண்டையப் புண்ணாக்கிக்காத. பாலுல பனங்கல்கண்டு போட்டுக் குடி. அப்பா சொன்னத மனசுல வச்சிக்காத, உன் பழைய நீலச் சட்டையத்தான் தெனம் போட்டுக்கினு கொல்லைக்குப் போறாரு. மாரியாத்தா உனக்குத் தொணை இருப்பா. தீபாவளிக்கு வூடு வந்து சேரு, நம்பர மட்டும் மறக்காம அனுப்பு."

இப்படிக்கு,
உன் அம்மா பூமாலை,
அவள் சொல்ல எழுதிய தனுஷா.

கையெழுத்துக்குக் கீழே இதைச் சாயந்திரம் எழுதுகிறேன். அம்மா, "எங்க, படிச்சிக் காட்டு" என்றாள். படிக்கக் குரல் வரவில்லை. தாளை அப்படியே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன், "இன்னாடி, இன்னா ஆச்சி" என்று வழியெல்லாம் கேட்டபடி வந்தாள். அப்பா உன் நீலச் சட்டையில் கடைசி முளைக்குச்சியை அடித்துக்கொண்டிருந்தார். மாமா கட்டுப்போட்ட காலை நீட்டி வரப்பில் உட்கார்ந்திருந்தார். "இந்தப் பக்கம் வராதன்னு சொன்னனா இல்லியா" என்று அப்பா சுத்தியலோடு எழுந்தார். நான் எல்லாரும் பார்க்கிற வெட்டவெளியில் போய் நின்றேன். நீ சொன்னபடியே தொண்டையைத் திறந்து, வயிற்றிலிருந்து மூச்சைத் தள்ளினேன். "இதேதான், அன்னிக்குக் கேட்டது இதேதான்" என்றார் மாமா, அப்பா சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு முளைக்குச்சியில் சுற்றிய கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தார்.