பொது நண்பர் ஒருவர்

இலோயிலோ
12 செப்டம்பர் 2024

அன்பு மகள் ஜோவெலினுக்கு,

மரியே வாழ்க. தினமும் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்தால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவேன். அதனால்தான்.

அப்பாவின் முதலாண்டு நினைவு ஜெபத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்ல முகநூலைத் திறந்தேன். யாரும் சொல்லித் தராமல் நானே கற்றது அது. விடியற்காலையில் மாதா படம் போடவும், எதற்கு இருதயம், எதற்கு அழுகிற முகம் என்று பார்த்து அழுத்தவும் எனக்கு வரும். ‘உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவர்கள்’ என்று முகங்களை வரிசையாகக் காட்டுமே, அதை மட்டும் மீன்காரியின் கூவல் மாதிரி காதில் வாங்காமல் தள்ளிவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை தள்ள முடியவில்லை. உன் அப்பாவின் காது. விரிந்து நிற்கும் அதே காது, முடியைத் தூக்கிக் கட்டிய ஒரு பெண்ணின் தலையில். எங்கோ பார்த்த முகமாகவும் இருந்தது.

ரேயா மே தோலார் பால்மாரெஸ். ஊர் பகோலோத், நமக்குக் கடலின் மறுகரை.

நம் வழக்கத்தில் நடுவில் வருவது தாய்வீட்டுப் பெயர், கடைசியில் வருவது தகப்பன் பெயர். பால்மாரெஸ் உன் அப்பா பெயர். தோலார் யார்? தாலியில்லாமல் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் கையெழுத்துப் போட்டால்தானே அவன் பெயர் கிடைக்கும்? இருபது வருடம் படகு இயந்திரம் பார்க்கிறேன் என்று மறுகரை போனவர் அங்கே எதில் கையெழுத்துப் போட்டார்?

பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: பொது நண்பர் ஒருவர். தொட்டேன். உன் படம் வந்தது.

அடுப்பில் சோறு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

அம்மா,
பெர்பெத்துவா


ஹாங்காங்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் ஒளிந்து படித்தேன். என் எஜமானியம்மா கதவைத் தட்டி, “உள்ள என்ன, உயிரோட இருக்கியா?” என்று கேட்டாள்.

ரேயாவை ஆறு வருடமாக எனக்குத் தெரியும். அப்பாவின் பிறந்தநாளுக்கு முகநூலில் அவள் ‘பப்பா’ என்று வாழ்த்துப் போட்டாள். அப்பா அவசரமாக அழிப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். “உங்கம்மாகிட்ட சொன்னா அவ உயிர விட்ருவா, புள்ள” என்று காலைப் பிடித்தார். அவளைத் திட்டத்தான் நட்பு கேட்டேன். அவள், “அக்கான்னு கூப்பிடலாமா?” என்று கேட்டாள். திட்ட வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவின் ஒன்பது நாள் ஜெபத்துக்கு எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. என் தோழி என்று சொல்லி முக்காடு போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாளே, அது ரேயா. “என் ஃபிரெண்டுன்னு சொல்லிக்கோ, காது தெரியாம பாத்துக்கோ” என்று அனுப்பியதே நான்தான்.

அம்மா, என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்,
ஜோவெலின்


இலோயிலோ
9 அக்டோபர் 2024

ஜோவெலினுக்கு,

ஜெபத்துக்கு வந்தவர்கள் பெயரை நாள்வாரியாக நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தேன். ஒன்பது நாளும் தவறாமல் வந்தவர்கள் மூன்றே பேர். மூன்றாவது பெயர் ‘ரேயா, மகளின் தோழி’. என் கையெழுத்துதான்.

பக்கத்து வீட்டு லெத்தீசியா அன்றைக்கு அவளைப் பார்த்து, “யாருடி இவ, அடிப்பிடிச்ச சட்டிய இந்தத் தேய் தேய்க்கிறா? மருமகளா?” என்றாள். “எனக்கு மகனே இல்ல, மருமகளுக்கு எங்கடி போக?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கடைசி நாள் அவள் இரண்டு அரிசிப் பலகாரத்தை வாழையிலையில் மடித்துப் பையில் வைத்தாள். துக்க வீட்டுச் சாப்பாட்டை யாராவது வெளியே கொண்டுபோவார்களா?

“வச்சிடும்மா. கொண்டு போனா உன் வீட்டுக்கும் சாவு வந்துரும்” என்றேன்.

“எங்க வீட்டுக்கு வந்தாச்சு அத்தை” என்றாள்.

பாவம், யாரோ என்று நினைத்து முதுகைத் தடவி அனுப்பினேன். இப்போது அந்தக் கை என் கையா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் என் வீட்டில் நின்று, என் முகத்துக்கு நேரே, ஒரே வரியில் உண்மையைச் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் புரியவில்லை. நீ ஆறு வருடம் தினமும் “சாப்டீங்களாம்மா?” என்று கேட்டாய்.

உன் அப்பாவுக்காக ஜெபிக்க வாயில் வார்த்தை வரவில்லை. ஜெபமாலை மணியை மட்டும் உருட்டுகிறேன்.

ஞாயிறு திருப்பலி முடிந்து வந்து இரண்டு காரியம் செய்தேன். முதலில் உன்னை நட்பிலிருந்து எடுத்தேன். ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. அழுத்தினேன். பிறகு அவளுக்கு நட்பு வேண்டுகோள் அனுப்பினேன். நான் கண்ணாடியைக் கழற்றி வைப்பதற்குள் ஏற்றுக்கொண்டாள். ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும் எழுதவில்லை. கல்லறைத் திருநாளுக்கு வந்தால் வரட்டும். பலகாரம் செய்வேன்.

இன்று காலை மாதா படம் போடத் திறந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவர்கள் என்ற வரிசையில் முதல் முகம் உன்னுடையது. ஜோவெலின் பால்மாரெஸ், ஹாங்காங். பொது நண்பர் ஒருவர்: ரேயா மே.

தெரிந்திருக்கக்கூடியவர் என்றுதான் போட்டிருக்கிறது. தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெர்பெத்துவா