நண்டுட களுசான்

1. போன கிழமை பஸ்ஸில் கேட்ட ஒரு பேச்சு.
2. அது பழமொழி அல்ல, உன்னிடமிருந்து கிளம்பியதே என்பது.
3. அதில் வரும் நண்டு நான்தான் என்பது.
4. பனிச்சங்கேணியில் உன் அக்காவிடம் விசாரிக்க வேண்டியது.

இந்தப் பட்டியலை அங்கே போவதற்கு முன்பே எழுதி வைத்தேன். நீ இருந்திருந்தால், "மாஸ்டர், சுகம் விசாரிக்கவும் நம்பர் போடுறியா" என்று கேட்டிருப்பாய்.

கல்லடிப் பாலத்தடியில் ஏறிய பஸ்ஸில் மழைச்சாரல் அடித்தது. யன்னலை மூடப் பார்த்தேன். ஒரு மூலை ஏற மறு மூலை இறங்கியது. கண்டக்டர் சொன்னார்: "விடுங்க ஐயா. அது நண்டுட களுசான். ஒரு பக்கம் ஏத்தினா மத்தப் பக்கம் இறங்கும்."

பின்சீற்றில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அப்படியென்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. சிறுவயதுக் காய்ச்சலில் குட்டையாகிப்போன என் வலக்காலை நான் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டேன். இறங்கும்போது, இதை எங்கே கேட்டீர்கள் என்று கண்டக்டரிடம் விசாரித்தேன். "எல்லாரும் சொல்றதுதானே ஐயா" என்றார்.

'எல்லாரும்' என்ற சொல்லில் எனக்கு எப்போதுமே நம்பிக்கையில்லை. எல்லாரும் சொல்வதை யாரோ ஒருவர் முதலில் சொல்லியிருக்க வேண்டும். காற்சட்டைக்குக் களுசான் என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், ஆகவே இதுவும் பழம்பேச்சு என்று வாதிடலாம். ஆனால் என் வீட்டில் எவரும் இதைச் சொன்னதில்லை. வயல்வட்டையில் வெள்ளாமைக்காரர் வாயிலும் கேட்டதில்லை. நான் முதலில் கேட்டது கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில், உன் தையற்கடையில், உன் வாயால்.

வாசலில் என்னைக் கண்டதும் வாங்குப் பலகையில் இருப்பவர்களைப் பார்த்து, "எழும்புங்கடா, மாஸ்டர் வந்திட்டார். நண்டுட களுசானுக்கு இடம் விடுங்க" என்பாய். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்னைவிட உரக்க எவரும் சிரித்ததில்லை என்றே நினைக்கிறேன். பாலத்தில் லொறி வந்தால் நான் கம்பியோடு ஒட்டிப் பக்கவாட்டாக நகர்வதை நீ பலமுறை பார்த்திருக்கிறாய். நண்டு யார் என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

என் காற்சட்டையில் வலக்கால் துணியைக் கூடுதலாக உள்மடித்துத் தைத்து, இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் விழச் செய்வாய். அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. பேசாததையும் சந்தேகித்தேன். என்னிடம் சொல்லாததை வாங்கில் இருப்பவர்களிடம் சொல்லியிருப்பாய் என்று பட்டது.

என்னை வைத்துச் சிரிக்கிறாயா என்று கேட்டுவிட வந்து, அளவு மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. ஒழுங்கையும் கடையும் நீயும் ஒன்றாகப் போனீர்கள். உன் மெஷினின் இரும்புக்காலை மட்டும் மணலில் கண்டேன். இனி யாரிடம் கேட்பது என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது.

பிறகு, வாகரைப் பக்கத்துச் சனம் சண்டைக்குத் தப்பி வந்து எங்கள் அயலில் கூடாரம் போட்டிருந்த காலம். கோணலாகக் கட்டிய தறப்பாளைப் பார்த்து ஒரு மீனவர் மனைவியிடம் சொன்னார்: "என்னகா இது, நண்டுட களுசான் மாதிரிக் கட்டிவெச்சிருக்கா?"

"நீங்க கட்டினதவிட நேராத்தான் கிடக்கு" என்றாள் அவள்.

உன் ஊர் அந்தப் பக்கந்தான். வருடப்பிறப்புக்குப் போகும்போதெல்லாம் பலகாரத்தோடு என் காலையும் கொண்டுபோய்ப் பரிமாறியிருக்கிறாய் என்று முடிவு கட்டினேன். வாவியின் இரு கரையும் சிரிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நீ என் கூட்டாளியா, அல்லது நான் உன் கடைக்கு ஒரு வேடிக்கையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இப்போது சண்டை முடிந்து பாதை திறந்திருக்கிறது. முந்தாநாள் புறப்பட்டேன். தன்னாமுனை தாண்டியதும் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். சோதனைச் சாவடியில் இறக்கி நடக்கவிட்டார்கள். என் நடையைப் பார்த்த சிப்பாய் குனிந்து, வலக்கால் மடிப்பு தடித்திருப்பதை விரலால் நசுக்கிப் பார்த்தான். "துணி" என்றேன். அவன் நம்பவில்லை. அவனுடைய சந்தேகம் எனக்கு நன்றாக விளங்கியது. நீ கடைசியாகத் தைத்துத் தந்ததைத்தான் அணிந்திருந்தேன்.

உன் அக்கா வெளியே வருவதற்குள் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். என் காலைக் கண்டால் சொல்ல வந்ததை மாற்றிவிடக்கூடும் என்று பயம். உன்னைத் தெரியும் என்றும் சொல்லவில்லை. ஊர்ப்பேச்சுகளைச் சேர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று மட்டும் சொல்லி, அந்தப் பேச்சைக் கேட்டேன்.

"நண்டுட களுசானா? அது எங்கட தம்பிட கதைதானே" என்றார். "ஊர்ல அவனுக்குப் பேர் நண்டு. நில்லெண்டா நிக்க மாட்டான், மணல்ல ஓடி ஒளிச்சிருவான். முதன்முதல் தனக்குத் தானே ஒரு களுசான் தைச்சான். ஒரு கால் முழங்காலுக்கு மேல, மத்தது கீழ. அதப் போட்டுக்கொண்டு கோயிலுக்கும் வந்திட்டான். அந்த நாளிலயிருந்து வேலி சரிஞ்சாலும் நண்டுட களுசான், கூரை கோணினாலும் நண்டுட களுசான்."

"அவருக்குக் கோபம் வராதா?"

"அவனுக்கா? அவன்தான் கூடச் சொல்லித் திரிஞ்சவன். மறுகா கல்லடிக்குப் போய்த் தொழில் பழகினான். வரக்குள்ள சொல்லுவான், 'அக்கா, கோணலாத் தைச்சாத்தான் நேரா நிக்கிற ஆள் ஒராள் என்னட்ட வருது. நண்டுட களுசான் அவனுக்குத்தான் சரி' எண்டு."

நான் எழுந்து விடைபெற்றேன். சில அடிதான் நடந்திருப்பேன்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க."

பின்னால் வந்து என் வலக்கால் விளிம்பைப் பார்த்தார். பிறகு இடக்கால் விளிம்பை. "அப்ப அந்த ஆள் நீங்கதானா?"

தலையசைத்தேன்.

"நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார்.

திரும்பும் பஸ்ஸில், என் மனம் நோகாமலிருக்க உன் அக்கா இட்டுக்கட்டினாரோ என்று ஒருமுறை சந்தேகித்தேன். ஆனால் நான் எழும்பி என் நடையைக் காட்டுவதற்கு முன்பே அவர் சொல்லி முடித்திருந்தார். வகுப்பில் ஆறாம் வேற்றுமை படிப்பித்தவன் நான். குயவனின் பானை என்றால் அவன் வீட்டுப் பானையாகவும் இருக்கலாம், அவன் வனைந்து கொடுத்த பானையாகவும் இருக்கலாம் என்று கரும்பலகையில் எழுதியவன். நண்டின் களுசானை மட்டும் ஒரே பொருளில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மடிப்பு இன்னும் பிரியவில்லை. நடக்கும்போது அதன் தடிப்பு கணுக்காலில் படுகிறது. மேலே எழுதிய பட்டியலில் இரண்டாவது நிற்கட்டும். மூன்றாவது பிழை. நண்டு நீ. நான் அதன் களுசானை உடுத்தவன்.