ஆற்றுத் தண்ணீருக்கு முந்திப் பிறந்தவள்

ஆக. 18, திங்கள்

விடியும்போதே தூறல். ஓசூர்க் குளிர். ஹாஸ்டலில் ஹீட்டர் ரிப்பேர். பச்சைத் தண்ணீரில் குளித்து, பல் தந்தியடிக்க பஸ் பிடித்தேன்.

கம்பெனி கேட்டில் என்னால் வரிசை நின்றது. கம்மல், கொலுசு, ஹேர்பின் எல்லாம் லாக்கரில் வைத்தாகிவிட்டது, ஆனாலும் உலோகம் தேடும் கருவி கத்துகிறது. கடைசியில் பார்த்தால் துப்பட்டாவில் ஓர் ஊக்கு. இத்தனூண்டு இரும்புக்கு அத்தனை சத்தம்.

உள்ளே நாள் முழுக்க போன் பாகங்கள். தலைமுடி கனத்தில் செம்பு. கண்ணுக்கே தெரியாத தங்கப் பூச்சு. கண்ணாடி மட்டும் மணலிலிருந்து வருகிறதாம், ட்ரெயினிங்கில் சொன்னார்கள். எந்த ஊர் மணலோ. யார் காலில் ஒட்டி உதறிய மணலோ. இப்படி நினைத்துக்கொண்டே ஒரு ட்ரே தப்பாக அடுக்கிவிட்டேன். சூப்பர்வைசர் முறைத்தார்.

ம. பார்த்துவிட்டார். (மஞ்சுநாத் என்று முழுதாக எழுதக் கை வரவில்லை.) பக்கத்து லைன். மாஸ்க்குக்கு மேலே அவர் கண் சிரித்தது. நானும் சிரித்தேன். மாஸ்க்குக்குள் நான் நன்றாகவே சிரிப்பேன்.

வாங்க: சோப்பு, உப்பு, இரும்புச்சத்து மாத்திரை.

ஆக. 19, செவ்வாய்

வெயில் வந்தது. துணி காய்ந்தது.

டீ இடைவேளையில் ம. மாஸ்க்கோடே வந்து நின்றார். "ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வாங்க. அம்மா உங்களப் பாக்கணும்னு சொல்றாங்க." தளிப் பக்கம் அவர்கள் வீடு, ரோஜாத் தோட்டம். வீட்டில் கன்னடம்தான். சரி என்று தலையாட்டினேன். வாயைத் திறக்கவில்லை. டீ டம்ளரை உதட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

வீட்டுக்குள் மாஸ்க் போட முடியாது. அதுதான் இப்போது கவலை.

ஊரில் யாருக்கும் இது கவலையே இல்லை. ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊர். போர் தண்ணீரில் ஃப்ளோரைடு, பாறைக்குள்ளிருந்து கரைந்து வருகிறது. சின்னதில் அதைக் குடித்து வளர்ந்த எல்லோருக்கும் பல்லில் மஞ்சள் திட்டு, பழுப்புக் கோடு. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எல்லோருக்கும் இருப்பதால் அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஓசூர் வந்த பிறகுதான் என் கை சிரிக்கும்போதெல்லாம் வாய்க்குப் போகப் பழகியது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். திட்டவில்லை, ஆச்சரியம். தனியாகப் போகக் கூடாதாம், தங்கச்சி கவியைச் சனிக்கிழமை அனுப்புகிறாளாம்.

ஆக. 21, வியாழன்

ஷிப்ட் முடிந்து பல் டாக்டர். நல்ல மாதிரியான அம்மா. முன்பல் ஆறுக்கும் மேலே பீங்கான் உறை போடலாம், உள்ளே மெல்லிசாக உலோகம் இருக்கும் என்றார். கேட்டில் கத்துமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

ஆனால் உறை உட்கார வேண்டுமென்றால் முதலில் என் பல்லைத் தேய்த்துச் சின்னதாக்க வேண்டும். தேய்த்தது தேய்த்ததுதான், திரும்ப வராது. "உங்க பல்லு நெறந்தான் இப்படி. சொத்தை ஒண்ணுகூட இல்ல. யோசிச்சு வாங்க." திங்கள் சாயந்திரம் ஆறு மணிக்குத் தேதி வாங்கிவிட்டு வந்தேன்.

வழியில் கிரானைட் லாரி. பாளம் பாளமாய்க் கறுப்புக் கல். பட்டறையில் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிடுவார்கள். யார் வீட்டுச் சமையல் மேடையோ.

ஹாஸ்டலுக்கு வந்து பேஸ்ட் டியூபைப் படித்தேன். 'ஃப்ளோரைடு உள்ளது' என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஓசியில் கொடுத்தார்களே ஐயா.

ஆக. 23, சனி

கவி வந்தாள். ஒரு பை நிறையக் கடலை, ஒரு வாய் நிறையப் பேச்சு. பன்னிரண்டு வயசு, வீட்டுக்குக் கடைக்குட்டி. அவள் பிறந்த வருஷம்தான் ஊருக்கு ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தது. அதனால் அவள் பல் அரிசி மாதிரி.

இருவரும் ஒரே கண்ணாடியில் பார்த்துத் தலை வாரினோம். அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் உதட்டை மூடிக்கொண்டேன். பொறாமை. பெற்ற மகள் மாதிரி தூக்கி வளர்த்த பிள்ளை மேல் பொறாமை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அதுதான் உண்மை.

திங்கள்கிழமை விஷயத்தைச் சொன்னேன். "வலிக்குமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆக. 24, ஞாயிறு

தளி பஸ். ஜன்னலில் பனி. பாதி பஸ் கன்னடம், கால் பஸ் தெலுங்கு. மேடு ஏற ஏறக் காது அடைத்தது. கனவுக்குள் போகிற மாதிரி இருந்தது.

ம. பஸ் ஸ்டாப்பில் நின்றார். மாஸ்க் இல்லாமல் வேறு யாரோ போல. மீசை இருக்கிறது.

அவர் அம்மா வெல்லமும் தண்ணீரும் கொண்டு வந்து வைத்தார். ஓட்டைத் தமிழில் அன்பாகப் பேசினார். நான் 'ம்', 'இல்லைங்க', 'ஆமாங்க'. கால் மணி நேரம் வாய் தப்பித்தது.

பிறகு தோட்டம் பார்க்கப் போனோம். சேவல் ஒன்று ம.வைத் துரத்தியது. அத்தனை பெரிய ஆள், ரோஜாப் பாத்திக்குள் குதித்து ஓடினார். சிரித்துவிட்டேன். முழு வாயும் திறந்து, கண்ணில் தண்ணீர் வர.

திரும்பினால் அவர் அம்மா என் வாயையே பார்க்கிறார். மகனிடம் கன்னடத்தில் மெதுவாக, "மக்களிகூ பருத்தா?"

எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். ஓசூரில் இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்கிறார். ம. முழங்கையில் சேவல் கொத்திய இடத்தைத் தடவிக்கொண்டே உதட்டைப் பிதுக்கினார். அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் வலித்தது. பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தேன்.

கவி என்னை இழுத்தாள். "என்னக்கா சொல்றாங்க?"

சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை.

அவள் நேரே போய் அந்த அம்மா முன்னால் நின்று, 'ஈ' என்று காட்டினாள். "எனக்கு வரல, பாருங்க. எங்கக்கா குடிச்சது போர் தண்ணி. நான் பொறக்கறப்ப ஆத்துத் தண்ணி வந்துட்டுது. அம்மா ஒண்ணுதான், தண்ணிதான் வேற."

அவர் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரே அம்மாவா என்று கேட்டார். ஒரே அம்மா, ஒரே அப்பா என்றேன். இந்த முறை வாயை மூடாமல்.

"அப்ப இது நோவு அல்ல," என்றார். "நீரு."

நான் பொறாமைப்பட்ட பல்தான் எனக்காகச் சாட்சி சொன்னது. பஸ்ஸில் கவி என் மடியில் தூங்கினாள். தலையைத் தடவிக்கொண்டே வந்தேன்.

கிளம்பும்போது அந்த அம்மா இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீர், நல்லா இருக்கும், குடி என்றார்.

ஆக. 25, திங்கள்

தூறல் மறுபடி. கவியை ஊர் பஸ் ஏற்றிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, சாயந்திரம் வரவில்லை என்று சொன்னேன். வேறு தேதி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம்.

தளித் தண்ணீர் குடித்தேன். ருசியே இல்லை. எங்கள் ஊர்த் தண்ணீரில் ஒரு கல் ருசி இருக்கும்.

கேட்டில் கருவி கத்தவில்லை. மாஸ்க் எடுக்கும் இடத்துக்கு முன்னால் ம. நின்றிருந்தார். முழங்கையில் சேவல் கொத்திய இடத்தில் பிளாஸ்திரி. சிரிப்பு வந்தது. கை பாதி வழி வரைக்கும் போனது. இறக்கிவிட்டேன்.

பார்த்தார். பார்க்கட்டும்.