விரலில் விளைந்த கல்

மார்ச் 4
இன்று காலை என்னைச் சுற்றி நின்றவர்கள்: என் தங்கை குட்டச்சி, மூத்த மகன், அவன் மனைவி. வேறு யாரும் இல்லை.

வலது ஆள்காட்டி விரல் நுனியில், தோலுக்கு அடியில், வெள்ளையாக ஒன்று மாதக்கணக்கில் இருக்கிறது. முழங்கையிலும் உண்டு. தொட்டால் அரிசியில் கிடக்கும் கல் மாதிரி. குட்டச்சி பார்த்ததும் சிரித்தாள். "மாசமா இருந்தப்ப சிலேட்டுக்குச்சியா தின்னு தீர்த்தியேக்கா. அதான் இப்ப வெளிய வருது." அந்த வாய்க்குச் சின்ன வயதிலேயே பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

"போன தடவை ஆஸ்பத்திரியில டாக்டரம்மா அதைத் தொடவே கூடாதுன்னாங்க அத்தை" என்றாள் மருமகள். யார் கேட்டார்கள்? குட்டச்சி தையல் ஊசியை அடுப்பில் காட்டி எடுத்து வந்தாள். வேண்டாம் என்று கையை இழுத்தேன். மூத்தவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "முள்ளு எடுக்கற மாதிரிதாம்மா. சின்னப் புள்ளையாட்டம் பண்ணாத."

பற்பசை மாதிரி வந்தது. பிறகு ஒரு துணுக்கு. பிறகு இரத்தம்.

மார்ச் 6
விரலில் இருப்பது சுண்ணாம்புக் கல்லாம், பாலிலும் சுண்ணாம்பு இருக்கிறதாம். இனி எனக்குப் பால் கிடையாதாம், மூத்தவன் சட்டம். வறட்டு டீயைக் குடித்துவிட்டுப் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். ஊசியைப் பிடிக்க முடியவில்லை. சட்டைகளை அப்படியே தையல்கடைக்குத் திருப்பி அனுப்பினேன். இந்த விரல் போனால் என் கைச்சோறும் போச்சு.

மார்ச் 7
வீக்கம். விண் விண்ணென்று தெறிக்கிறது.

மார்ச் 9
காய்ச்சலோடு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா விரலைப் பார்த்துவிட்டு, "யார் குத்தினது?" என்று கேட்டாள்.

"நான்தாங்க" என்றாள் குட்டச்சி. மூத்தவன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். "இவங்க உடம்பு தன்னையே எதிரின்னு நினைச்சு அடிச்சுக்குது. அடிபட்ட எடத்துல சுண்ணாம்பு படியுது. ரத்தத்துல சுண்ணாம்பு சரியாத்தான் இருக்கு. பாலை நிறுத்தினா கல்லு கரையாது, எலும்புதான் வீணாப்போகும்." சிலேட்டுக்குச்சியைப் பற்றியும் கேட்டேன். அதற்கும் இதற்கும் ஒன்றுமில்லையாம்.

சீழ் எலும்பு வரை போய்விட்டது.

மார்ச் 13
நுனியை எடுத்துவிட்டார்கள். முதல் கணு வரை.

மார்ச் 17
குட்டச்சி தினமும் வருகிறாள். ஊட்டுகிறாள், தலை வாருகிறாள், கட்டுப் பிரிக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இன்று, "இனிமே யாரையும் வெரலை நீட்டித் திட்ட முடியாதுக்கா" என்றாள்.

"இன்னொரு கை இருக்குடி."

சிரித்தாள். பிறகு போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். அசதியாக இருந்தது, கோபப்படக்கூட.

மார்ச் 22
வீட்டுக்கு வந்தாயிற்று. பேனாவை நடுவிரலில் அணைத்து எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது. ஊசிக்கு இது போதாது.

மாலையில் சம்பந்தி வீட்டார் பார்க்க வந்தார்கள். முன்னறையில் மூத்தவன் சொல்கிறான்: "நான் எவ்வளவோ தடுத்தேங்க. சித்திதான் கேக்கல." குட்டச்சி அங்கேயேதான் இருந்தாள். தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. மருமகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

தடுத்தானாம். என் கைய புடிச்சது யாருடா? தெரியாமல் பிடித்தான், சரி. அதை நானே எப்போதோ விட்டிருப்பேன். குட்டச்சியை விட்டுவிட்டேனே. குத்தினவள் குத்தினேன் என்றாள்.

மன்னிக்கவே போவதில்லை என்று இருப்பது ஒரே ஒருவனைத்தான். என் மூத்த மகன்.